வயல் பதிவேட்டில் ஏறாத 16 கிலோ: ஒரு நீண்டகால உரச் சோதனையின் தரவுகளைக் காத்துப் பகிர்ந்த அனுபவம்

இது தமிழ்நாட்டில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் நடந்தது. பண்ணையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் அப்போது அங்கே மண்ணியல் பிரிவில் பணியாற்றினேன். இதேபோன்ற பதிவேடுகளைப் பூட்டிய அலமாரியில் வைத்திருக்கும் பண்ணைகள் இன்னும் பல இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்ததையும் செய்யத் தவறியதையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

1950களில் இந்தப் பண்ணையில் நிலையான உரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே வயலில் 32 பாத்திகள், ஒவ்வொன்றும் 5 சென்ட். உரமிடும் முறைகள் எட்டு. ஒவ்வொரு முறையும் நான்கு பாத்திகளில். ஒரு முறைக்கு எந்த உரமும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும், ஒன்றுக்குத் தழையும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), ஒன்றுக்குச் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சேர்த்து, இன்னொன்றுக்குத் தொழு உரம் மட்டும் என்று அமைத்திருந்தார்கள். தண்ணீர் வந்த ஆண்டுகளில் இரண்டு போகம் நெல். பயிர் இரகம் மாறியது, அதிகாரிகள் மாறினார்கள். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பது மட்டும் மாறவில்லை.

ஒரு போகத்தின் விளைச்சல் அந்த ஆண்டின் மழையையும் வெயிலையும்தான் பெரும்பாலும் சொல்லும். மண்ணில் கரிமம் ஏறுகிறதா இறங்குகிறதா, மணிச்சத்து சேர்கிறதா தீர்கிறதா என்பதை அறியப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு வேண்டும். அதனால்தான் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-இல் தொடங்கிய பிராட்பால்க் கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1970களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களில் இத்தகைய சோதனைகளை ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. எங்கள் வயல் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. ஆகவே எங்கள் எண்களுக்கு வேறெங்கும் நகல் இல்லை. 14 தடித்த பதிவேடுகளும் ஓர் இரும்பு அலமாரியுமே எல்லாம்.

இந்தப் பாத்திகளை இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதிதாக உருவாக்க முடியாது. அறுபது ஆண்டு உரமே காணாத நெல் மண் வேண்டுமென்றால் அறுபது ஆண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மண்ணின் வரலாறு பதிவேட்டில் மட்டுமே இருந்தது.

ஐப்பசி மழை

ஓர் ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, பதிவேட்டு அறையின் கூரை ஒழுகியது. திங்கட்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் இருந்த நான்கு பதிவேடுகள் நனைந்து கனத்திருந்தன. வெயிலில் காயவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஈரத் தாள் வெயிலில் காய்ந்தால் முறுக்கிக்கொண்டு நொறுங்கும் என்பதால் தாழ்வாரத்தில் மேசைகளைப் போட்டு, பக்கங்களுக்கு இடையே மை ஒற்றும் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். தாளை மாற்றி மாற்றிச் செருக ஆறு நாள் ஆயிற்று.

நீல மையில் எழுதிய பக்கங்கள் சில கரைந்து எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிட்டன. பென்சிலில் எழுதியவை அப்படியே இருந்தன. அந்த ஆறு நாளில்தான் நான் அந்தப் பதிவேடுகளை முதல்முறையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பல ஆண்டுகளாக அதே கட்டடத்தில் வேலை செய்தும் ஆண்டறிக்கைக்கு வேண்டிய சராசரிகளை மட்டுமே எடுத்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

அலமாரியில் இருந்தவை

மிகப் பழைய மூன்று பதிவேடுகளின் ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. ஓரத்தில்தான் பாத்தி எண்கள் இருந்தன. நடுத்தட்டில் ஒன்பது பெரிய ஃபிளாப்பிகள். தொண்ணூறுகளில் யாரோ டிபேஸ் மென்பொருளில் பாதி எண்களை ஏற்றியிருக்கிறார்கள். பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்ததில் இரண்டு மட்டுமே திறந்தன. மற்றவற்றில் பூஞ்சை படிந்திருந்தது.

பக்கத்து அறையில் மண் மாதிரிகள். தொடக்க ஆண்டுகளில் மண்ணை உலர்த்திச் சலித்து, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, மூடியை மெழுகால் பூசி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சீட்டு, பென்சிலில் பாத்தி எண்ணும் ஆண்டும் போகமும். பிற்கால மாதிரிகள் துணிப் பைகளில் இருந்தனவாம். சில ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளையடித்தபோது அவற்றை வெளியே கொட்டிவிட்டார்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. அது என்ன என்று யாரும் அவர்களிடம் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரோத்தம்ஸ்டெட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மண், பயிர் மாதிரிகள் காக்கப்படுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குப்பி கிடைக்காமல் காப்பித் தூள், பால் பவுடர் டப்பாக்களில்கூட அடைத்து வைத்தார்கள். அந்தச் சேமிப்பில் இருந்த பழைய கோதுமையிலிருந்து நோய்ப் பூஞ்சைகளின் மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து, 1844 முதல் அவை ஏறி இறங்கிய வரலாற்றை 2005-இல் வெளியிட்டார்கள். மாதிரியை எடுத்து வைத்தவர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. எங்கள் குப்பிகளை எண்ணி முடித்த மாலை இதைத் துறைத் தலைவரிடம் சொன்னேன். அந்த அம்மையார் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளே அறைக்குப் பூட்டும், குப்பிகளுக்கு அடுக்கும் வாங்கச் சொன்னார்.

முதல் முடிவு: தட்டச்சுக்கு முன் படம்

எண்களை உடனே கணினியில் ஏற்றிவிடலாம் என்பது பலரின் கருத்து. ஆண்டறிக்கைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். தட்டச்சு செய்பவர் தவறாகப் படித்தால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும். அந்த மூலம் அடுத்த மழைக்கு இருக்குமா என்பது எங்களுக்கு உறுதியில்லை.

ஜன்னலோரம் மேசையைப் போட்டு, தாங்கியில் கேமராவைக் கவிழ்த்து மாட்டி, பக்கத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தோம். வெற்றுப் பக்கங்களையும், பின்னட்டையையும், உள்ளே செருகியிருந்த துண்டுச் சீட்டுகளையும் விடவில்லை. இந்த ஒரு பிடிவாதம் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஒரு பதிவேட்டின் பின்னட்டை உறைக்குள் நான்காக மடித்த தாள் இருந்தது. அதில் வயலின் கைவரைபடம். வாய்க்காலை மேற்கிலிருந்து கிழக்குப் பக்கத்துக்கு மாற்றிய ஆண்டில், பாத்திகளுக்குத் தண்ணீர் பாயும் வரிசையை ஒட்டி எண்களையும் திருப்பி இட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் அதுவரை முதல் பாத்தியாக இருந்தது அதன்பிறகு எட்டாவது. அந்தச் சீட்டு இல்லாமல் எண்களை மட்டும் ஏற்றியிருந்தால், உரமே காணாத மண்ணின் பழைய வரலாறு வேறொரு பாத்தியின் பெயரில் போயிருக்கும்.

படங்களின் நகல் மூன்று: ஒன்று பண்ணையில், ஒன்று வேறு கட்டடத்தில் தனி வட்டில், ஒன்று வேறு ஊரில்.

எண்களை ஏற்றியபோது

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பக்கத்தைத் தட்டச்சு செய்தார்கள். இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களில் மட்டும் படத்தைத் திறந்து பார்த்தோம். 1-உம் 7-உம் மாறியவைதான் அதிகம். முதல் கோப்பில் எதையும் மாற்றக் கூடாது, பவுண்டு என்று இருந்தால் பவுண்டு, இன்ச் என்று இருந்தால் இன்ச் என்று விதித்துக்கொண்டோம். மாற்றிய எண்களுக்கு வேறு கோப்பு. எப்படி மாற்றினோம் என்பதற்கு அதன் பக்கத்திலேயே குறிப்பு.

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல். பாத்திகளின் பெயர் 3-2, 4-1 என்ற வடிவில் இருந்தது. மூன்றாம் வரிசை, இரண்டாம் பாத்தி என்று பொருள். எக்செல் அவற்றையெல்லாம் தேதியாக மாற்றிவிட்டது. 3-2 பிப்ரவரி மூன்றாம் தேதியாகிவிட்டது. பெயர்களுக்கு முன்னால் ‘பா’ என்ற எழுத்தைச் சேர்த்து, கோப்பை எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய எளிய உரை வடிவில் சேமித்த பிறகே அது தீர்ந்தது.

மழைப் பத்தியிலும் இதே கோடு வேறு விதமாக வந்தது. பழைய எழுத்தர்கள் மழையை இன்ச், சென்ட் என்று எழுதுவார்கள். ஓர் இன்ச்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நிலத்தின் சென்ட் மட்டுமே தெரிந்த இளைஞர்களுக்கு இது புதிது. 2-5 என்று எழுதியிருந்தால் 2 இன்ச் 5 சென்ட், அதாவது 52 மில்லிமீட்டர். தட்டச்சு செய்த இருவருமே அதை 2.5 என்று படித்தார்கள்; அது 63.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். இருவரும் ஒரே தவறைச் செய்ததால் ஒப்பீட்டில் அது தெரியவில்லை. மாத மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது பதிவேட்டில் எழுத்தர் போட்ட மொத்தத்தோடு பொருந்தவில்லை, அப்படித்தான் பிடிபட்டது.

இவற்றைவிட ஆபத்தானது பவுண்டும் கிலோவும். இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. பண்ணை மாறச் சில ஆண்டுகள் ஆயின. ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்பது ஹெக்டேருக்கு 1.12 கிலோ. ஏக்கருக்கு 2,500 பவுண்டு என்பது ஹெக்டேருக்கு 2,800 கிலோ. மாற்றாமல் விட்ட எண் கண்ணை உறுத்தாது. விளைச்சல் கொஞ்சம் குறைந்த ஆண்டு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். பத்தியின் தலைப்பிலோ ‘விளைச்சல்’ என்ற ஒரு சொல் மட்டும்.

இதை அவிழ்க்க உதவியது களத்தில் எழுதிய எடைக் குறிப்பு. ஒவ்வொரு பாத்தியிலும் அறுத்த நெல்லின் எடை தனியாக இருந்தது. 5 சென்ட் என்பது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே விளைச்சலைப் பாத்தி எடையால் வகுத்தால் 20 வந்தால் ஏக்கர்க் கணக்கு, 49.4 வந்தால் ஹெக்டேர்க் கணக்கு. எல்லாப் போகங்களுக்கும் வகுத்துப் பார்த்தோம். மாறுங்காலத்தில் நான்கு போகங்களுக்கு, புதிய தராசில் கிலோவில் நிறுத்து, பழைய பழக்கத்தில் 20-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். அது பவுண்டுமல்ல, ஹெக்டேருமல்ல, ஏக்கருக்குக் கிலோ. எங்கள் பழைய வரைபடங்களில் அந்த இரண்டு ஆண்டுகள் பள்ளமாக விழுந்திருக்கும். வறட்சி என்று நாங்களே பேசிக்கொண்டிருந்தோம்.

கோடு, சுழி, வெற்றிடம் மூன்றையும் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் வராமல் பயிரே வைக்காத போகத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். எலியால் முழுதும் அழிந்த பாத்திக்குச் சுழி. நிறுக்க மறந்ததற்கு வெற்றிடம். மூன்றும் மூன்று பொருள் என்பதால் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்தோம்.

வெளியே கொடுப்பதா

தட்டச்சு முடிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எல்லோருக்கும் திறந்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது பிரிவுக்குள் கருத்து பிளந்தது. மூத்த விஞ்ஞானி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். தன் பணிக்காலம் முழுவதையும் அந்த வயலில் கழித்தவர் அவர். வெயிலில் நின்றவர்கள் நாம், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுபவர் வேறொருவரா என்று கேட்டார். வயலைப் பார்க்காதவர்கள் எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்றும் சொன்னார். இரண்டும் நியாயமான அச்சங்கள். அவற்றைப் பொறாமை என்று ஒதுக்குபவர்கள் அந்த உழைப்பை அறியாதவர்கள்.

நான் சொன்னது இது. ரோத்தம்ஸ்டெட் 75 ஆண்டு எண்களைச் சேர்த்து வைத்துவிட்டு, 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற இளம் கணிதரை அழைத்து அவற்றைப் பார்க்கச் சொன்னது. வேளாண்மை படிக்காதவர் அவர். 1921-இல் அவர் எழுதிய கட்டுரையில், பிராட்பால்க் விளைச்சலின் மெதுவான ஏற்ற இறக்கம் மழையாலும் உரத்தாலும் வந்ததாகத் தெரியவில்லை என்று கண்டு, களைகளைக் காரணமாகக் கருதினார். கையால் களை பறித்துவந்த சிறுவர்கள் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின் பள்ளிக்குப் போய்விட்டதையும் அதோடு சேர்த்துப் பார்த்தார். வயலில் நின்றவர்கள் கண்டுகொள்ளாததை வெளியிலிருந்து வந்தவர் கண்டார்; வயலில் நின்றவர்கள் எழுதி வைத்ததால்தான் அவரால் காண முடிந்தது. மேலும், பொதுப் பணத்தில் சேர்த்த தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்பது 2012 முதல் இந்திய அரசின் அறிவித்த கொள்கை.

துறைத் தலைவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவெடுத்தார். விளைச்சல், உர அளவு, மண் ஆய்வு, மழை எல்லாம் திறந்த உரிமத்தில் போகும்; பயன்படுத்துபவர் மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். கடைசி மூன்று ஆண்டு எண்கள் மட்டும், அவற்றை வைத்து முனைவர் பட்டம் செய்யும் எங்கள் மாணவர் முடிக்கும்வரை காத்திருக்கும். திறக்கும் முன், எங்களோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூத்த விஞ்ஞானியின் இரண்டாவது அச்சத்துக்குப் பதிலாக வந்த கடைசி நிபந்தனை இது. எங்கள் முடிவுகளில் இதுவே மிகச் சிறந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒன்றை முழுதாக நிறுத்தி வைத்தோம். பழைய பதிவேடுகளில் கூலியாட்களின் பெயர், அன்றைய கூலி, கைநாட்டு எல்லாம் அறுவடைக் கணக்கோடு கலந்தே இருந்தன. சிலரின் சாதிப் பெயரும் இருந்தது. அவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். அந்தப் பக்கங்களின் படங்கள் வெளியே போகவில்லை. எத்தனை ஆள், எத்தனை நாள் என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் கொடுத்தோம்.

உரமிடாத பாத்தி ஏன் உயர்ந்தது

வேறு மாநிலத்தில் பயிர் வளர்ச்சியைக் கணினியில் கணித்துப் பார்க்கும் ஓர் ஆய்வு மாணவியிடம் கோப்பைக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் கேள்வி வந்தது. எண்பதுகளில் ஓர் ஆண்டின் முதல் போகத்தில் உரமிடாத நான்கு பாத்திகளின் விளைச்சலும் திடீரென உயர்கிறது. அடுத்த ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மற்ற 28 பாத்திகளிலும் அதே போகத்தில் அதே உயர்வு. அந்த ஆண்டு தராசை மாற்றினீர்களா என்று கேட்டிருந்தார்.

தராசு மாறவில்லை, வகுத்துப் பார்த்தோம், எண் சரியாக வந்தது. எங்கள் ஆண்டறிக்கைகளில் இந்த உயர்வுக்குப் புதிய இரகம் காரணம் என்று எழுதியிருந்தது. பதிவேட்டைப் பார்த்தால் இரகம் மாறியது இரண்டு போகம் கழித்து. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தை ஆண்டுதோறும் நகலெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் காலத்தில் வயலைப் பார்த்துக்கொண்ட பண்ணை உதவியாளர்கள் இருவர். ஒருவர் நாங்கள் தேடிப் போவதற்கு நான்கு மாதம் முன்பு இறந்துவிட்டார். மற்றவர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாத்திகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பேசினார். அதற்கு முந்தைய போகத்தில் நடவு முடிந்த மூன்றாம் வாரம் இலையெல்லாம் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் குன்றிப்போனது என்றார். அடுத்த போகத்தில், அப்போதைய அதிகாரி துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் வயல் முழுவதும் வீசச் சொன்னாராம்.

“அண்ணே, உரமிடாத பாத்திக்குமா?”

“எல்லாவற்றுக்கும்தான் சார். அது உரக் கணக்கில் வராது, நோய்க்குக் கொடுக்கிற மருந்து மாதிரி என்று சொன்னார்கள். பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லையே.”

அவர் சொன்னது உண்மைதான். பதிவேட்டில் தழை, மணி, சாம்பல், தொழு உரம் என்று நான்கு கட்டங்கள் மட்டும் அச்சிட்டிருந்தார்கள். ஐந்தாவதாக ஒன்று நடந்தால் எழுத இடமில்லை.

நாற்பது ஆண்டு கழித்த ஒருவரின் நினைவை மட்டும் வைத்துத் தரவில் குறிப்புப் போட எனக்குத் தயக்கம் இருந்தது. அலுவலகத்தின் பழைய பொருள் இருப்புப் பதிவேடுகளைத் தேடினோம். கழித்துவிட வேண்டிய பழந்தாள்களோடு கட்டி, சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்குரியதில் ஒரு வரி இருந்தது: துத்தநாக சல்பேட், 16 கிலோ, நிலையான சோதனை வயலுக்கு. 32 பாத்தி, ஐந்து ஐந்து சென்ட்டாக 160 சென்ட், அதாவது 0.65 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 25 கிலோ என்பது நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. பெருக்கினால் 16. அந்தச் சாக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன்பின் மூன்று முறை அதே அளவு வழங்கியதாக வரிகள் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டுகளின் இருப்புப் பதிவேடு கிடைக்கவில்லை. கண்ணாடிக் குப்பிகளில் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த மண் சில பாத்திகளுக்கு இருந்தது. மண்ணிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கும் டிடிபிஏ கரைசலில் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகத்தைப் பார்த்தோம். நெடுநாள் சேமிப்பில் இந்த அளவு மாறக்கூடும் என்பதால் எண்ணை நம்பாமல் திசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பின்னால் எடுத்த மண்ணில் தெளிவாகக் கூடியிருந்தது. உரமே இடாதது என்று நாங்கள் பெருமையோடு விருந்தினருக்குக் காட்டிவந்த பாத்தி, தழை மணி சாம்பல் மட்டுமே இடாத பாத்தி.

வெளியீடும் அதன்பிறகும்

தரவுத் தொகுப்பு ஒரு பொதுக் களஞ்சியத்தில், நிலையான அடையாள எண்ணோடு வெளியானது. எண்கள் இருக்கும் கோப்பைவிட அவற்றை விளக்கும் கோப்பு நீளமானது. வாய்க்கால் மாறியது, நான்கு போகங்களின் ஏக்கர்க் கணக்கு, துத்தநாகம் எல்லாம் அதில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. ஆண்டறிக்கையின் தவறான வாக்கியத்தையும் அதில் சுட்டித் திருத்தினோம். மண் மணிச்சத்தை அளந்த முறை இடையில் ஓல்சன் முறைக்கு மாறியதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. உர அளவில் சில ஆண்டுகள் மணிச்சத்தைத் தனிமமாகவும் மற்ற ஆண்டுகள் ஆக்சைடாகவும் எழுதியிருந்தார்கள், இடையே 2.29 மடங்கு வித்தியாசம். அதையும் பிரித்துக் காட்டினோம்.

பங்களித்தவர்கள் பட்டியலில் ஓய்வுபெற்ற பண்ணை உதவியாளரின் பெயரை அவர் ஒப்புதலோடு சேர்த்தோம். அவர் தனக்கு முன்னால் வேலை பார்த்தவரின் பெயரையும், இறந்துபோன தன் தோழரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுச் சேர்த்தோம். எதிர்த்த மூத்த விஞ்ஞானியின் பெயர் முதலில் இருக்கிறது. விளக்கக் கோப்பின் பாதியை அவரே எழுதினார்.

மூன்று குழுக்கள் இதுவரை எழுதிக் கேட்டுப் பயன்படுத்தியிருக்கின்றன. அவர்களில் ஒருவர் வைக்கோல் எடையில் இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டு சொன்னார். திருத்திய பதிப்பை இரண்டாம் எண்ணோடு வெளியிட்டோம். முதல் பதிப்பை நீக்கவில்லை, ஏனென்றால் அதை வைத்துக் கணக்கிட்டவர்கள் எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது தெரிய வேண்டும். சோதனை வயலின் ஒரு பகுதியில் கிடங்கு கட்டும் யோசனை ஒன்று இடையில் எழுந்தது. துறைத் தலைவர் அந்தக் கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். கிடங்கு வேறிடத்துக்குப் போயிற்று.

தொண்ணூறுகளில் சில போகங்களுக்கு நெல்லின் ஈரப்பதம் திறக்காத ஏழு ஃபிளாப்பிகளோடு போய்விட்டது. 14 சதவீத ஈரத்துக்குச் சரிசெய்த எடையா, களத்தில் உலர்த்திய எடையா என்று அந்தப் போகங்களுக்குச் சொல்ல முடியவில்லை. குறிப்பிட்டு விட்டுவிட்டோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி தொடங்கினால் ஓய்வுபெற்றவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் போவேன். தாளுக்கு அவசரம் காட்டினோம். கூரை ஒழுகியதால் அந்த அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு மாத இடைவெளியில் ஒருவரை இழந்தோம். துத்தநாகம் எத்தனை முறை கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வயல் பதிவேட்டை மட்டும் தரவு என்று நினைத்ததும் தவறு. பொருள் இருப்புப் பதிவேடு, நீர் இறைக்கும் மோட்டார் ஓடிய நேரக் குறிப்பு, ஆள் வருகைப் பதிவேடு எல்லாம் சோதனையின் பகுதி. அலுவலக விதிப்படி இவற்றைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள். கழிக்கும் பட்டியலில் கையெழுத்திடும் முன் சோதனைப் பொறுப்பாளர் பார்க்க வேண்டும் என்று இப்போது எங்கள் பண்ணையில் விதி இருக்கிறது. வெளியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதைத் தட்டச்சு பாதியில் இருக்கும்போதே செய்திருக்கலாம். முழுதும் சரியான பின் காட்டலாம் என்று காத்திருந்ததில் ஓர் ஆண்டு போயிற்று. சரியில்லாத இடத்தைக் காட்டியதோ அவர்தான்.

பதிவேட்டின் அச்சையும் மாற்றினோம். நான்கு கட்டங்களுக்குப் பிறகு பக்கத்தின் பாதி அகலத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம், ‘வயலில் வேறு என்ன நடந்தது’ என்ற தலைப்போடு. பென்சிலில் எழுத வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறோம். கடந்த முதல் போக அறுவடையன்று புதிதாகச் சேர்ந்த பண்ணை உதவியாளர் அதில் எழுதியிருந்தது: “பா3-2, கிழக்கு வரப்போரம் எலி வெட்டு, ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். எடையில் சரிசெய்யவில்லை.” கீழே கையெழுத்தும் தேதியும் இருந்தன.